மனு போடணும்

"அம்மா, இந்தப் பட்டியல் என்னைக் கொன்னுடும்" என்றார் வக்கீல் குலசேகரன்.

கையில் செல்போன். அதில் செய்யவேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் ஒரு செயலி. செயலியில் ஆயிரத்து முந்நூற்று ஆறு வேலைகள்.

எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் நீலாயதாட்சி. மடத்துக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவர். வக்கீலைவிடப் பதினாலு வயது சின்னவர். ஆனாலும் குரு குருதான். வக்கீல் ஆறு வருஷமாக மாதம் தவறாமல் வந்து போகிறார்.

பிறவிப் பிணி தீர வழி கேட்டு அந்த மடத்துக்குப் பலர் வருவார்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"மூணு செயலி மாத்திப் பாத்துட்டேன். லேபிள் போட்டேன். சிவப்பு அவசரம், மஞ்சள் முக்கியம், பச்சை மெதுவா. இப்ப எல்லாமே சிவப்பா நிக்குது."

"முடிக்க முடியலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"'நாளைக்கு'ன்னு ஒரு பொத்தான் இருக்கும்மா. அமுக்கினா நாளைக்குப் போயிடும்."

"நல்ல பொத்தான்" என்றார் குரு. சிரிக்கவில்லை. "ஒண்ணைப் படிங்க."

"யோகா கத்துக்கணும்."

"யாரு?"

"நான்தான்."

"அப்படி எழுதலையே ஐயா. நான் கத்துக்கணும், நீ கத்துக்கணும், அவன் கத்துக்கணும். எல்லாத்துக்கும் ஒரே 'ணும்'. அதுல ஆள் இல்லை, காலம் இல்லை. யார் தலையிலயும் விழாது. அதை எடுத்துடுங்க. கத்துக்குவேன்னு எழுதுங்க, இல்லேன்னா கத்துக்க மாட்டேன்னு எழுதுங்க."

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். 'மாட்டேன்' என்று எழுதினார். பிறகு வரியையே அழித்தார்.

பரண் சுத்தம் பண்ணணும். மாட்டேன்.

பல் டாக்டரைப் பாக்கணும். பார்ப்பேன், வெள்ளிக்கிழமை.

பழைய தீர்ப்புகளைப் படிச்சுக் குறிப்பெடுக்கணும். பத்து வருஷமாகவே மாட்டேன்தான்.

ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பத்து வேலைகள் போயின. மனிதருக்குக் குஷி தாங்கவில்லை. இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

"ரொம்பத் தடவை தள்ளினது எது?" என்று கேட்டார் குரு.

செயலி அதையும் எண்ணி வைத்திருந்தது.

"தொண்ணூத்தோரு தடவை. மருதை ஜாமீன் மனு போடணும்."

கீரையில் இருந்த கை நின்றது.

"யாரு மருதை?"

"தண்ணி மோட்டார் திருடினான்னு பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க. அவனுக்கு அம்மா மட்டும்தான். செல்லக்கிளின்னு பேரு. பாவமேன்னு நான் எடுத்துக்கிட்ட கேஸு."

"கஷ்டமான மனுவா?"

"ஒரே பக்கம்மா. அறுபது நாள் தாண்டியும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடலை. நாம கேட்டாலே ஜாமீன் கிடைச்சுடும். சுலபமான வேலைதானே, எப்ப வேணா பண்ணிக்கலாம்னு..."



"அந்த அம்மா கேக்கலையா?"

"தினம் போன் பண்ணும். லிஸ்ட்ல இருக்கு தாயின்னு சொல்லுவேன். இப்பக் கொஞ்ச நாளா பண்றதில்லை."

"எழுதுங்க."

போட மாட்டேன் என்று எழுத வக்கீலுக்கு விரல் வரவில்லை. இரக்கமுள்ள மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. 'போடுவேன்' என்று எழுதினார்.

"எப்போ?"

"இன்னைக்கே. இங்கேருந்து நேரா கோர்ட்டுக்குப் போறேன்."

"அப்ப அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க."

வக்கீல் உற்சாகமாகவே எண்ணை அழுத்தினார். குருவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"தாயி, வக்கீல் பேசுறேன். மருதைக்கு இன்னைக்கு மனு போட்டுடுவேன்."

அந்தப் பக்கம் செல்லக்கிளியின் குரல் வந்தது.

"வேணாம் சார்."

"ஏம்மா? வேற வக்கீல் வச்சிட்டீங்களா?"

"நான் யார்கிட்டயும் போகலை சார். நீங்கதான் லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னீங்களே." செல்லக்கிளி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவனுக்கு உள்ளயே காய்ச்சல் கண்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. பிழைக்கலை. முந்தாநாள் பதினாறாம் நாள் காரியமும் முடிச்சாச்சு. உங்களுக்குச் சொல்லணும்னுதான் சார் இருந்தேன். வேலையா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

குலசேகரன் வாய்விட்டு அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், கட்டிய மனைவிகூடப் பார்த்திராத அழுகை. குரு தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்.

வெகுநேரம் கழித்து வக்கீல் போனை எடுத்துப் பார்த்தார். மருதையின் வரி அங்கேயே இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'முடிந்தது', 'நாளைக்கு'.

"இதுல எதைம்மா அமுக்குவேன்?"

குரு போனை வாங்கினார். அந்த வரியை ஒருமுறை படித்தார். எதையும் தொடாமல் வக்கீல் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அடுத்த வரியில யாரு?"