நண்டு வெட்டி முடித்த கோரை

ஏரியோரக் கோரைப் புதரில் ஒரு நீர்க்கோழி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. மேற்கே நல்ல மழை. ஏரி மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. நாளை பொழுது சாய்ந்தால் தண்ணீர் கூட்டுக்குள் வந்துவிடும். அதற்குள் கூட்டை உயர்த்த வேண்டும்.

நீர்க்கோழி மூவரிடம் வாக்கு வாங்கியது.

"வெயில் ஏறுவதற்குள் நூறு கோரை வெட்டி முடிப்பேன்!" என்றது நண்டு.

"உச்சிப்பொழுதுக்குள் சுமந்து சேர்ப்பேன்!" என்றது ஆமை.

"கோரை வந்ததும் பின்னத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் உயர்த்திவிடுவேன்!" என்றது தூக்கணாங்குருவி.

மறுநாள் உச்சிப்பொழுது வந்தது. ஒரு கோரைகூட வரவில்லை. கூட்டின் அடி நனையத் தொடங்கியது.

நீர்க்கோழிக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகம். மூவருமே சொல் தவறாதவர்கள். பிறகு வேலை எங்கே நின்றது? முட்டைச் சூடு ஆறுவதற்குள் தெரிந்துகொண்டு திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பியது.

"என்னை ஏன் பார்க்கிறாய் அக்கா? காற்றையா பின்னுவேன்?" என்றது குருவி.

ஆமை கரையில் கிடந்தது. "விடிந்ததிலிருந்து முதுகைக் காலியாக வைத்துக் காத்திருக்கிறேன். இன்றைக்கு என்னை யாராவது மெத்தனம் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்!"

நீர்க்கோழி நண்டின் வளையில் எட்டிப் பார்த்தது. "நண்டண்ணே, கோரை வெட்டவில்லையா?"

"வெட்டவில்லையாவா? அப்போதே முடித்தாயிற்று! எண்ணிப் பார்!"

வளைக்குள் நூறு கோரையும் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஆமையாரிடம் கொடுக்கவில்லையே?"

"வெட்டி முடிப்பேன் என்றேன். கொடுப்பேன் என்றா சொன்னேன்? அவர் வந்து கேட்டிருக்கலாமே!"

"முடிந்தது என்று நீ ஒரு குரல் கொடுத்திருக்கலாமே!" என்றது கரையிலிருந்து ஆமை.

"சண்டை பிறகு!" என்றது நீர்க்கோழி. "பத்துப் பத்தாகக் கொடுங்கள். வர வரக் குருவி பின்னட்டும்."

நண்டு எடுத்துக் கொடுத்தது. ஆமை மூச்சு வாங்கச் சுமந்தது. குருவி நிமிராமல் பின்னியது. ஆனாலும் தண்ணீர் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ஏழாவது நடை வந்துகொண்டிருந்தபோது அது கூட்டின் விளிம்பைத் தாண்டியது. ஓரத்தில் இருந்த முட்டை ஒன்று நழுவி, தாமரை இலைகளுக்கு நடுவே ஒருமுறை சுழன்று மூழ்கியது.

பொழுது சாய்ந்தபோது கூடு உயர்ந்திருந்தது. மற்ற மூன்று முட்டைகளும் பிழைத்தன.

"நான் சொன்ன நேரத்துக்கு முடித்தேனே!" என்றது நண்டு, மிகவும் மெல்லிய குரலில்.

"முடித்தீர்கள், அண்ணே," என்றது நீர்க்கோழி, மூன்றின் மேல் சிறகை விரித்து உட்கார்ந்தபடி.

பலர் கைமாறும் வேலையில், நம் பங்கை முடித்தால் மட்டும் போதாது. அடுத்தவர் கையில் அதைச் சேர்த்த பிறகே நாம் கொடுத்த வாக்கு நிறைவேறுகிறது.