நூறு எண்ணும்வரை

முத்தலூர் ஜமீன்தார் வல்லபத்துரைக்கு மூன்று மாதமாகத் தீராத வயிற்றுவலி. ஒருநாள் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த பந்தியிலேயே சமையல்காரி ஒச்சம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவ சமைக்கிறதுதான் என் வயித்தைக் கெடுக்குது. சோறா இது? மண்ணு!"

அத்தனை பேர் முன்னால் ஒச்சம்மாளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவர் அதோடு விடவில்லை.

"சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் சேர்க்காம இதே சோறு இனிக்கணும். இல்லாட்டி இன்னியோட வெளியே போ!"

பந்தியே சிரித்தது.

"ஆகட்டும் எசமான். ஒரு பிடி வெறுஞ்சோத்தை வாயில போட்டு, நான் நூறு எண்ணுற வரைக்கும் மெல்லுங்க. முழுங்கிடாதீங்க" என்றாள் மெல்ல.

அவள் ஐந்து எண்ணுவதற்குள் அவர் விழுங்கிவிட்டார். மறுபடி ஒரு பிடி. பத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் காதுமடல் சிவந்தது. சும்மா மென்று பார்த்துக்கொண்டிருந்த சம்பந்திதான் முதலில் வாய் திறந்தார்.

"அட, இனிக்குதே!"

"எச்சில் ஊறி அரைபட்டா சோறு தானா இனிக்கும் எசமான். வயித்துக்குப் பல்லு கிடையாது. நீங்க முழுசா தள்ளிவிட்டா அது என்ன பாடுபடும்?"

ஜமீன்தார் இலையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னுங் கொஞ்சம் சோறு வை, ஒச்சம்மா" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் வெட்கமாயிருந்தது. பார்க்காமலே பரிமாறினாள். அன்று பந்தி எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.