வலப்பக்கம் குத்திய மெடல்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது போட்டோவைப் பற்றிய கதை. தூரத்தில் இருந்தால் பித்தான் எது, பொட்டு எது என்று பிடிபடாது.

ஏந்தல்புதூர் என்று ஓர் ஊர். பெரிய சண்டை முடிந்து நாற்பது வருஷம் கழித்து, அந்த ஊரிலிருந்து சண்டைக்குப் போனவருக்கு பஸ் நிற்கிற முக்கில் ஒரு கல் நட ஏற்பாடானது. சர்க்கார் தாளில் 'ஆள் ஒன்று' என்று தெளிவாக இருந்தது. பேர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. அத்தனை பெரிய தாளில் கரையானுக்கு அந்த இடம்தான் ருசித்தது.

பட்டாள உடுப்பில் எடுத்த படம் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கொண்டுவரலாம் என்று தண்டோரா போட்டார்கள். பார்த்துச் சொல்ல சுபேதார் கோதண்டம் இருந்தார். பட்டாளத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாகியும் அவர் வீட்டில் இட்லிகூட வரிசையாக நிற்கவேண்டும். அன்றைக்கு உடுப்பை மாட்டி, இடது மாரில் மூன்று மெடல் மின்ன, தையல்கடை வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கல்தச்சர் உளியோடு பக்கத்தில் இருந்தார். கடைக்காரி மெகருன்னிசா உள்ளே மிஷினை மிதித்துக்கொண்டு, காதை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

முதலில் வந்தவர் ரைஸ்மில் வைரவநாதன். "எங்க பெரியப்பா. தளபதி மாதிரி இல்ல?"

படத்தில் இருந்தவர் தோளில் தங்கச் சரிகை, மாரில் கயிறு கயிறாகக் குஞ்சம், தலையில் இறகு வைத்த தொப்பி. ஓரத்து முக்காலியில் ஏதோ ஒன்றின் பித்தளை வாய் புனல்போல விரிந்து தெரிந்தது.

"ஏன் ஐயா, இவர் எதிரியைச் சுட்டாரா, இல்ல ஊதிக் காட்டினாரா? இது கல்யாண பேண்டு செட்டு உடுப்பு. அடுத்தது!"

அடுத்து வந்தவர் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் குப்பாண்டி. அவர் அப்பா படத்தில் காக்கி உடுப்பும், தோளிலிருந்து இடுப்புக்கு அகலப் பட்டையும், அதில் சாசர் அளவுக்கு ஒரு பித்தளை வில்லையும்.

"இது டவாலி. கலெக்டர் வாசலில் ஆளைக் கூப்பிடுகிறவர். சண்டைக்குப் போகலை. சண்டைக்கு வந்தவங்களை வரிசையில் விட்டார்."

கூட்டம் சிரித்தது. குப்பாண்டி படத்தை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவள் ஞானசவுந்தரி. அவள் வயிற்றில் இருந்தபோது அப்பா தேவசகாயம் லீவு முடிந்து போனவர், வரவில்லை. அவர் எவளையோ கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. ரேஷன் வரிசையில் இன்றைக்கும் அவளுக்கு 'ஓடிப்போனவன் மகள்' என்றுதான் பேர். அவள் கல்யாணப் பத்திரிகையிலேயே மாப்பிள்ளை வீட்டார் அப்பா பேரை அடித்துவிட்டார்கள். அந்தப் பேரை ஒருதரமாவது எழுத்தில் பார்க்கவேண்டும் அவளுக்கு.

"ஐயா, முதல் படத்தை வெள்ளம் கொண்டுபோயிருச்சு. கண்ணாடித் தகடு மட்டும் மிஞ்சுச்சு. அம்மா அதைச் சந்தையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து அவசரமா ஒரு பிரதி போட்டு வாங்கிச்சு. அப்புறம் தகடும் உடைஞ்சுபோச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான்."

சுபேதார் வாங்கிப் பார்த்தார். காக்கிக் கோட்டு, ஒரே ஒரு மெடல். அவர் முகம் சுருங்கியது.

"மெடலை வலது மாரில் குத்தியிருக்கான். எந்தச் சிப்பாய் அப்படிக் குத்துவான்? கோட்டைப் பாரு, பொம்பளை ஜாக்கெட் மாதிரி வலது மடிப்பு மேலே ஏறியிருக்கு. தோள்பட்டையில் இருக்கிற எழுத்தை எந்தப் பாஷையில் படிக்கிறது? நாடகக் கம்பெனிக்காரன் கண்டபடி தைச்சது. இதுவும் தள்ளுபடி."

ஞானசவுந்தரி அழவில்லை. படத்தை வாங்க நீட்டிய கையை மட்டும் மடக்க மறந்து நின்றாள்.

சுபேதார் தொண்டையைச் செருமினார். "தாள்தான் தப்பு. அந்தச் சண்டைக்கு இங்கிருந்து எவனும் போகலை. கொண்டுவந்த கல் வீணாகக் கூடாது. என் பேரை வெட்டிடுங்க."

கல்தச்சர் உளியை எடுத்தார். உள்ளே மிஷின் நின்றது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சுபேதார் சொன்ன மூன்று தீர்ப்பில் எது தப்பு? படிப்பில்லாத மெகருன்னிசாவுக்கு அது எப்படித் தெரிந்தது?

விடை: மூன்றாவதுதான் தப்பு. ஆம்பளைச் சட்டைக்கு இடது மடிப்பு மேலே, பொம்பளை ஜாக்கெட்டுக்கு வலது மடிப்பு மேலே. இருபது வருஷமாகப் பித்தான் தைத்த கைக்கு இது பாடம். மெடல் மட்டும் பக்கம் மாறியிருந்தால் ஆள் செய்த தப்பு. மெடலும் மாறி, மடிப்பும் மாறி, எழுத்தும் படிக்க வராமல் போனால், அது ஸ்டுடியோக்காரன் அவசரத்தில் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்த தப்பு. மெகருன்னிசா கடைக்குள் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து படத்துக்கு எதிரே பிடித்தாள். மெடல் இடது மாருக்குப் போனது. மடிப்பு சரியானது. தோள்பட்டையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டத்தில் நின்ற போஸ்ட்மேன் குனிந்து கடகடவென்று படித்தார், பட்டாளத்தின் பேர்தான். "கண்ணாடி எதை வேணும்னாலும் மாத்திக் காட்டும்" என்று சுபேதார் முனகினார். "ஆமாங்கய்யா" என்று அவள் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். "இதில் நிக்கிறவருக்கும் மூணு மெடலும் வலது மாரில்தான் இருக்கு. இவர் எந்த நாடகக் கம்பெனி?" சுபேதார் கை தானாக நெஞ்சைத் தடவியது. அவள் கல்தச்சரிடம் சொன்னாள்: "அண்ணே, ஐயா தன் மெடலைத் தேடி முடிக்கிறதுக்குள்ள முதல் எழுத்தை வெட்டிடுங்க. தே."