செவியனின் வலது காது

பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஃபரீதா பழைய பொம்மைகளுக்குத் தரம் சொல்லிக்கொண்டிருந்தாள். காமிக்ஸ் நாயகர்களின் பொம்மைகள்தான் அவளிடம் அதிகம் வரும். அசலா போலியா, எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே பூசியிருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் சேகரிப்பவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். தணிகாசலம், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், குருவைவிட முப்பது வயது மூத்தவர். முதல் நாள் "பாப்பா" என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து "டீச்சர்".

இந்த வயதில் பொம்மைத் தரம் பார்க்கக் கற்று என்ன செய்யப் போகிறார் என்று ஃபரீதா கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த பொம்மையை எடுத்து மேஜையில் நிறுத்தினார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. நீலச் சட்டை, செப்பு நிறத்தில் அகலமான காதுகள்.

"அட, செவியன்!" என்றாள் ஃபரீதா.

செவியனை இன்றைக்கு யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அவன் பறக்க மாட்டான், யாரையும் அடிக்கவும் மாட்டான். எங்கோ ஒரு குழந்தை முணுமுணுத்தால் அவனுக்குக் கேட்கும். கிளம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவ்வளவுதான் அவன் வீரம். அடிதடி இல்லாத ஹீரோவை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கொஞ்ச காலத்திலேயே அவனுடைய காமிக்ஸ் புத்தகம் நின்றுபோயிற்று.

"யாரோடது சார்?"

"என் பையன் குமணனோடது. போன வருஷம் மஞ்சள் காமாலையில போயிட்டான்."

ஃபரீதா பேனாவை மூடி வைத்தாள்.

"அடுத்த மாசம் கண்காட்சி வருதே டீச்சர். முதல் தரம் கிடைச்சா கண்ணாடிப் பெட்டியில வெச்சு, கீழே பொம்மைக்குச் சொந்தக்காரங்க பேர் போடுவாங்களாமே. அவன் பேரைப் போடணும். உயிரோட இருந்தப்போ அவன் பேர் எங்கயும் வரல."

"அதுக்காகத்தான் கத்துக்க வந்தீங்களா?"

"அதுக்குத்தான்."

"அப்போ நீங்களே தரம் சொல்லுங்க."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அசல். மூட்டெல்லாம் இறுக்கமா இருக்கு. சட்டையில கீறல் இல்ல, பாதத்துல தேய்மானம் இல்ல. முதல் தரம்."

ஃபரீதா லென்ஸை எடுத்தாள். சட்டையைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். வலது காதுக்கு வந்ததும் லென்ஸ் அங்கேயே நின்றது.

"இதை எப்போ பூசினீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. "தெரியுதா?"

"நல்லாத்தான் பூசியிருக்கீங்க. ஆனா இடது காது லேசா மங்கியிருக்கு, வலது காது பளபளக்குது. பூசக் கூடாதுன்னு நான் சொல்லலையா?"

"சொன்னீங்க. மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு டீச்சர். அந்தக் காது மட்டும் நிறம் போய் வெளுத்துக் கிடந்துச்சு. ஒரு காதுக்காக அவன் பேர் போயிடக் கூடாதேன்னு..."

ஃபரீதா எழுந்து அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். அதிலிருந்து நாலைந்து செவியன்களை எடுத்து வரிசையாக நிறுத்தினாள். ஒருவனுக்குக் கை இல்லை. ஒருவனுக்குச் சட்டை நிறமே மாறிப்போயிருந்தது. எல்லாருக்கும் வலது காது வெளுத்திருந்தது. ஓரத்தில் நின்ற ஒருவனுக்கு மட்டும் இரண்டு காதுகளும் செப்பு நிறம் மாறாமல் இருந்தன.

"இவன் கடையில விக்காம கிடந்தவன். மத்தவங்க எல்லாரும் குழந்தைங்ககிட்ட இருந்தவங்க."

"ஏன் எல்லாருக்கும் ஒரே காது?"

ஃபரீதா கை இல்லாத செவியனை எடுத்தாள். அவனுடைய வலது காதை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்பது எதிரில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

பிறகு அவனை வரிசையில் வைத்தாள். "இந்தத் தேய்மானத்துக்கு நான் தரம் குறைக்கறதே இல்ல சார்."

தணிகாசலம் வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குப் பேச்சு திக்கும் டீச்சர்," என்றார். "'சீக்கிரம் சொல்லுடா'ம்பேன். அவன் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நானே சொல்லி முடிச்சிடுவேன். போகப் போக எங்கிட்ட எதையும் சொல்றதையே விட்டுட்டான். உடம்பு முடியலைன்னுகூட கடைசியிலதான் சொன்னான்."

ஃபரீதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருப்பான். பேச்சுக் குரல் கேக்கும். மடமடன்னு, எங்கயும் திக்காம. நான் ரேடியோன்னு நெனச்சேன்."

அறுபது தாண்டிய மனிதர், பொம்மையைச் சுற்றிக்கொண்டு வந்த கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். மகன் செத்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஃபரீதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"முதல் தரம்?" என்றார் கடைசியில்.

"பூசின காதுக்குக் கொடுக்க முடியாது சார்."

"பெயின்ட் கரைக்கிற தின்னர் வெச்சுத் துடைச்சா வந்துடாதா?"

"வரும். ஓரத்துல குமணன் மிச்சம் வெச்சிருந்த பழைய நிறமும் அதோட வந்துடும்."

"வேற வழியே இல்லையா?"

ஃபரீதா குமணனின் செவியனை எடுத்தாள். தணிகாசலத்தின் கையை விரித்து, வலது காது அவர் பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

"அவன் தேய்ச்ச மாதிரியே தேய்க்கணும்."

அவர் அந்தப் பளபளக்கும் காதைப் பார்த்தார்.

"அதுக்கு எத்தனை நாளாகும் டீச்சர்?"

"அவன்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது எவ்வளவு இருக்கு சார்?"