ஷெட்டில் நின்ற வண்டி

ஓடினால் தேயும். நின்றால் துருப்பிடிக்கும். அது என்ன?

விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சவரிராயனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

“ரெண்டு வருஷமா இந்த வண்டியை ஒருநாள்கூட ரோட்டுல இறக்கலை, உஸ்தாத். அப்புறம் எப்படிக் கெட்டுப்போகும்?” என்று கேட்டார் சவரிராயன்.

உஸ்தாத் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள்.

அவள் பெயர் ஜெய்புன்னிசா. காரைக்காலில் வெளிநாட்டு வண்டிகளின் நோய் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அவளை உஸ்தாத், அதாவது ஆசான், என்றே கூப்பிட்டார்கள். சவரிராயனும் அப்படித்தான்.

வண்டி ஸ்வீடன் நாட்டில் செய்தது. முப்பது வயது. நீளமான ஸ்டேஷன் வேகன். பின்இருக்கையை மடக்கினால் ஒரு கன்றுக்குட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவரலாம். சவரிராயனின் மனைவி லூர்து அப்படித்தான் கொண்டுவருவாள். அவள் மாட்டு டாக்டர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் அந்த வண்டியை வாங்கி, ஒன்பது வருடம் ஓட்டினாள். பிறகு காய்ச்சலில் விழுந்தாள். நான்கே நாளில் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் நின்றது. அவள் விட்ட இடத்தில், அவள் விட்டபடியே.

சவரிராயன் அதை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மேலே ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. கதவு ரப்பர் வெடித்தபோது வெளிநாட்டுக்கு எழுதி வரவழைத்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவார். பதினொன்றாவது நிமிடம் ஆகாது.

இந்த ஞாயிறு வண்டி அலறியது. தெருக்கோடிவரை கேட்டது.

ஜெய்புன்னிசா ஸ்குரூ டிரைவரால் சைலன்சரைத் தட்டினாள். மெல்லத்தான் தட்டினாள். முனை உள்ளே போய்விட்டது. உருவியதும் தண்ணீர் ஒழுகியது. செம்மண் நிறத் தண்ணீர். அதை ஒரு சட்டியில் பிடித்து வெளியே நகர்த்தினாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு, சார்?”

“மழையா?”

“ஷெட்டுக்குள்ளயா மழை பெய்யுது? நீங்க ஊத்தினது.”

“நானா?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. பத்து நிமிஷம்.”

சவரிராயன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தாள்.

“பெட்ரோல் எரிஞ்சா புகையோட தண்ணியும் வரும். வண்டி தூரமா ஓடினா குழாய் நல்லா சூடாகி, அது காஞ்சுபோயிடும். பத்து நிமிஷத்துல எங்க சூடாகுறது? உள்ளேயே தங்கிடும். நூறு ஞாயிறு தங்கியிருக்கு. நீங்க வெளியே துடைச்சீங்க. அது உள்ளேருந்து தின்னுச்சு.”

சவரிராயன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா வெச்சிருக்கேன்னுதான் நெனச்சேன்.”

“நீங்க தபாலாபீஸ்காரர்தானே? வர்ற கடுதாசியை எல்லாம் தூசி தட்டித் தட்டி அங்கேயே வெச்சிருப்பீங்களா?”

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த கதவைத் துடைத்தார்.

“லைசென்ஸ் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப ஏன் ஓட்டலை?”

“சீட்டு,” என்றாள் ஆக்னஸ்.

அவள் சவரிராயனின் மகள். பத்து வயது. வண்டியின் மறுபக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா குள்ளம். சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாங்க. அப்பாவுக்குக் கால் நுழையாது.”

“பின்னாடி தள்ளிக்கிட்டாப் போச்சு.”

“தள்ளமாட்டாங்க.”

“அப்ப ஸ்டார்ட் பண்றது?”

“வெளியே நின்னுதான். ஜன்னல்ல கையை விட்டு.”

ஜெய்புன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சவரிராயனின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“சைலன்சரை மாத்திடுவேன், சார்,” என்றாள். “அதுக்கப்புறம் ரெண்டு வழி இருக்கு. பெட்ரோல், ஆயில் எல்லாத்தையும் வடிச்சு, பேட்டரியைக் கழட்டி, அடியில கிரீஸ் பூசி, நாலு கல்லு மேல ஏத்தி வெச்சுடறேன். யாரும் தொடக்கூடாது. ரொம்ப வருஷம் இப்படியே நிக்கும்.”

“இன்னொண்ணு?”

“ஓட்டுறது. வாரம் ஒருதடவை நாகூர் வரைக்குமாவது போய்ட்டு வரணும்.”

“ஓட்டினா எத்தனை வருஷம் வரும்?”

“கடல்காத்து வண்டிக்கு அடியில இருக்கற தகட்டைக் காகிதமா ஆக்கிடுச்சு. ரெண்டு மழைக்காலம் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அப்புறம் காயலான் கடைதான்.”

“கல்லு மேல ஏத்திடுங்க,” என்றார் சவரிராயன். யோசிக்கவே இல்லை.

“யாருக்காக, சார்?”

“இவளுக்காகத்தான். அம்மா ஞாபகமா இவளுக்கு வேற என்ன இருக்கு?”

ஜெய்புன்னிசா கையைத் துடைத்துக்கொண்டாள். வண்டிச் சாவியை எடுத்து ஆக்னஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

சவரிராயன் மகளைப் பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“நீ சொல்லு, பாப்பா.”

ஆக்னஸ் அப்பாவைப் பார்க்காமல் உஸ்தாதிடம் கேட்டாள்.

“ஓட்டினா சீக்கிரம் போயிடுமா?”

“போயிடும்.”

“அப்புறம் சரிபண்ண முடியாதா?”

“முடியாது, பாப்பா.”

ஆக்னஸ் வண்டியைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் வந்தாள். பிறகு கதவைத் திறந்து அம்மாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டியது. குனிந்து, இருக்கையை நகர்த்த அடியில் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தாள். ஒரு கைக்கு அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

“பாப்பா,” என்றார் சவரிராயன்.

அவள் காலை உந்தி, இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, கீழே இறங்கினாள்.