‘ஆம்’ காய்த்த பலாமரம்

ஒரு காட்டில், பூப்பூக்கும் காலத்திலேயே மரங்களில் பங்கு போடும் வழக்கம் இருந்தது. சேர்த்துவைத்த கொட்டைகளை மரத்துக்கு உரியவரிடம் கொடுத்தால், பழுத்ததும் பழத்தில் பங்கு கிடைக்கும். காய்க்காவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான்.

அன்று காடே அமளிதுமளிப்பட்டது.

"நரியாருக்கு அக்கரையில் இருக்கும் பலா, இந்த வருடம் வேரிலும் காய்த்திருக்கிறதாம்!"

"ஒரு பழம் யானைத் தலை அளவாம்!"

"பங்கு இன்றோடு தீர்ந்துவிடுமாம்!"

அணிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பொந்தில் இரண்டு குட்டிகள், ஒரே ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, நரியின் முன் நின்ற வரிசையில் முயலுக்குப் பின்னால் நின்றது.

"எத்தனை காய் பார்த்தீர்கள், முயலண்ணே?"

"நான் எங்கே பார்த்தேன்? மயில் சொன்னது."

மயிலைக் கேட்டால் கிளியைக் காட்டியது. கிளியோ, "நரியார்தான் சொன்னார். தினமும் எனக்குக் கொய்யாப்பழம் தருகிறவர் பொய்யா சொல்வார்?" என்றது.

அணிலுக்குத் திக்கென்றது. இத்தனை வாயில் ‘ஆம்’ வருகிறது, ஒரு வாயிலாவது ‘பார்த்தேன்’ வரவில்லையே. மூட்டையோடு வரிசையை விட்டு விலகியது.

"முந்திரிக்கொட்டைக்காரிக்குப் பயம் வந்துவிட்டது" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அது நேரே மரங்கொத்தியிடம் ஓடியது. தினமும் மரத்தைத் தட்டிப் பிழைப்பவர் அவர் ஒருவர்தானே.

"அந்தப் பலாவைப் போன வாரம் தட்டினேன். உள்ளே முழுக்கக் கரையான்" என்றது மரங்கொத்தி. "நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே. போய்ப் பார்."

அணில் அக்கரைக்குப் போய் ஏறிப் பார்த்தது. பட்டை பொடியாக உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை. அப்பாடா, பிழைத்தோம் என்று துள்ளியது.

திரும்பும் வழியில் கரடியின் நாவல்மரம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அணில் அதிலும் கிளை கிளையாக ஏறியது. கிளையெல்லாம் பூ, பூவெல்லாம் தேனீ. அடியில் போன வருடத்துக் கொட்டைகள் குவிந்து கிடந்தன. மகிழ்ச்சியோடு மூட்டையைக் கரடியிடம் கொடுத்தது.

முதல் மழைக்கே பலாமரம் சாய்ந்தது. வாங்கிய கொட்டைகளோடு நரியைக் காணோம். அணிலின் குட்டிகளோ நாக்கெல்லாம் ஊதாவாக நாவல்பழம் தின்றுகொண்டிருந்தன.

முயல் பசியோடு வந்து கேட்டது. "அடுத்த வருடமும் கரடியாரின் நாவல் நன்றாகக் காய்க்குமாமே?"

அணில் ஒரு பிடி பழத்தை அதன் கையில் வைத்தது. "முதலில் சாப்பிடுங்கள், அண்ணே. பூக்கும்போது வந்து நீங்களே பாருங்கள்."

நீதி: உழைத்துச் சேர்த்ததைப் போடும் முன், கேள்விப்பட்டவரை விட்டுப் பார்த்தவரைக் கேள், பிறகு நீயும் பார்.