எது எதிலிருந்து

"நான் போனா முட்டை போயிரும். போகலைன்னா மக முகத்துல முழிக்க முடியாது. ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

இவ்வாறு சொல்லி நின்றவர் நாச்சிமுத்து. நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்பவர். ஐம்பதைக் கடந்த பின்னர் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருப்பவர். கேட்டுக்கொண்டிருந்தவர் திருமகள், அதைக் கற்பிக்க அவர் வீட்டுக்கு வந்திருந்த, அவருடைய மகளின் வயதே உடைய ஆசிரியை.

அந்த மகளுக்கு மறுநாள் காலை பெங்களூரில் பிரசவ அறுவைச் சிகிச்சை. அன்று மாலைப் பேருந்தில் அவர் ஏறியாக வேண்டும். "அப்பா, நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"முட்டை ஏன் போகும்?" என்று கேட்டார் திருமகள்.

"நாளன்னிக்கு முட்டை பொரிக்கற சமயமுங்க. அப்ப அடைகாக்கற பெட்டியோட சூட்டைக் குறைக்கணும். சூடு மிஞ்சினா சைரன் அடிக்கற நிரல்லயும் எல்லையை மாத்தித் திரும்பக் கட்டணும். போன தடவை அதுல ஏதோ ஒண்ணை மறந்துட்டேன் போல. சூடு ஏறுச்சு, சைரன் அடிக்கல. விடிஞ்சு பார்த்தா ஒரு முட்டைகூடத் தேறலீங்க."

"இப்போ?"

"இப்ப கட்டுனதை எல்லாம் அழிச்சுட்டு முதல்ல இருந்து கட்டறேன். ஒரு தடவைக்கு மூணு தடவை. அப்பவும் மனசு கேக்கறதில்ல."

"கட்டுறதுக்கு வேற ஆள் இல்லையா?"

அருகில் நின்ற நாச்சிமுத்தின் மைத்துனன் சென்னியப்பன் சிரித்தான்.

"நான் இருக்கறேனுங்க. ஆனா, கம்ப்யூட்டர் மேல தூசி தட்டக்கூட மாமா விடமாட்டார்."

"நீ தட்டுனா தூசி மட்டுமா போகும்?" என்றார் நாச்சிமுத்து.

நிரல் மூன்று கோப்புகளாக இருந்தது. ஒன்று சூட்டின் எல்லையைச் சொல்வது. ஒன்று சூட்டை அளப்பது. ஒன்று சைரனை ஒலிப்பது. அளப்பதையும் ஒலிப்பதையும் தனித்தனியே கணினிக்கு ஏற்ற வடிவமாக்கி, அதன் பின்னர் இரண்டையும் இணைக்க வேண்டும். கட்டுதல் என்று அவர் சொன்னது இதைத்தான்.

"கட்டிக் காட்டுங்க."

நாச்சிமுத்து கணினியின் முன் அமர்ந்தார். விரல்கள் விசைகளின்மேல் ஓடின.

"கையை எடுங்க. வாயால சொல்லுங்க."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"கைக்குத்தான் தெரியுதுங்க. வாய்க்கு வரமாட்டேங்குது."

"அப்போ எப்படிக் கட்டுறதுன்னு சொல்ல வேண்டாம். எது எதுல இருந்து உண்டாகுது? அதை மட்டும் சொல்லுங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"முழு நிரல், அளக்கறதும் ஒலிக்கறதும் சேர்ந்து உண்டாகுது. அளக்கறது, அதோட கோப்புல இருந்தும் எல்லையில இருந்தும் உண்டாகுது. ஒலிக்கறது, அதோட கோப்புல இருந்து."

"அவ்வளவுதானா?"

"வேற என்னங்க இருக்குது?"

திருமகள் ஒரு புதிய கோப்பைத் திறந்து, அவர் சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதினார். ஒவ்வொரு வரியின் கீழும் அதற்குரிய கட்டளையைச் சேர்த்தார். பின்னர் சென்னியப்பனை அழைத்து அமர்த்தினார்.

"எல்லையை இந்த அறையோட சூட்டுக்கும் கீழே வைங்க, சைரன் அடிக்குதான்னு பார்ப்போம். அப்புறம் 'மேக்'னு ஒரே ஒரு சொல் அடிங்க. எது மாறியிருக்கோ, அதுல இருந்து உண்டாகுறதை மட்டும் அது புதுசாக் கட்டிக்கும்."

"டேய், பார்த்து!" என்றார் நாச்சிமுத்து.

"ஒரு சொல்லுதான் மாமா. அதுகூடவா தப்பா அடிப்பேன்?"

சென்னியப்பன் எல்லையை மாற்றினான், சொல்லை அடித்தான். கணினி அளக்கும் பகுதியைப் புதிதாக்கியது, இணைத்தது. நிரல் ஓடியது. எல்லை தாண்டிவிட்டது என்று திரை காட்டியது.

மேசைமேல் கம்பியில் பிணைத்து வைத்திருந்த சைரன் ஒலிக்கவில்லை.

நாச்சிமுத்து சைரனின் கம்பியை இழுத்துப் பார்த்தார். "இதே மாதிரிதாங்க. அன்னிக்கும் இதே மாதிரிதான் கம்முனு கிடந்துச்சு. நான் போகலைங்க. மககிட்டச் சொல்லிக்கிறேன்."

எல்லாவற்றையும் அழித்துவிட அவர் கை நீண்டது. திருமகள் விசைப்பலகையைத் தம் உள்ளங்கையால் மூடினார்.

"அழிச்சுட்டுக் கட்டினா அடிக்கும். ஏன் அடிக்கலைன்னு தெரியாமலே போயிடும்."

நாச்சிமுத்து திரையை வெறித்தார். தாம் சொல்லி எழுதப்பட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது வரியில் அவர் கண் நின்றது.

"சைரனும் எல்லையைப் பார்த்துத்தான அடிக்குது?"

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"ஒலிக்கறதும் எல்லையில இருந்துதாங்க உண்டாகுது. நான் அதைச் சொல்லவே இல்லையே." பின்னர், குரல் தாழ்ந்து, "போன தடவையும் நான் மறக்கலைங்க. இது தெரியாமத்தான் சைரனைத் திரும்பக் கட்டாம விட்டிருக்கேன்" என்றார்.

திருமகள் மூன்றாவது வரியில் எல்லையைச் சேர்த்தார். சென்னியப்பன் அதே சொல்லை அடித்தான். கணினி இம்முறை ஒலிக்கும் பகுதியை மட்டும் புதிதாக்கியது, இணைத்தது.

சைரன் அலறியது. சென்னியப்பன் நாற்காலியோடு பின்னால் சரிந்தான்.

"காது போச்சுங்க மாமா!"

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சைரனை நிறுத்தினார். எல்லையைப் பழையபடி வைத்துக் கட்டினார். அதோடு விடாமல் மீண்டும் ஒருமுறை 'மேக்' என்று அடித்தார்.

திரையில் ஒற்றை வரி வந்தது.

"என்னங்க சொல்லுது?"

"செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைங்குது."

"ஒண்ணுமேயா?" மறுபடி அடித்தார். அதே வரி. "டீச்சர், நான் இருக்கும்போதே இன்னொரு தடவை எல்லாத்தையும் அழிச்சு..."

"எது மாறியிருக்கு?"

அவர் மூன்று கோப்புகளையும் திறந்து பார்த்தார்.

"எதுவும் மாறலீங்க."

"நாளன்னிக்கு எல்லையை மாத்தி நானே அந்தச் சொல்லை அடிச்சுக்கறேன் மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து எழவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்படின்னா எனக்கு இங்க என்னங்க வேலை?"

திருமகள் எழுந்து சென்று கதவைத் திறந்தார்.